கொடுத்தலும் எடுத்தலும்: குடும்பக் கார் பிரிவியல்

பழைய காரைக் கைமாற்றிவிட்ட தமிழ்க் குடும்பத்தாரிடம் ‘வாசல்ல வண்டியக் காணோமே?’ என்று கேட்டால், ‘குடுத்துட்டோம்’ என்று பதில் வரும். நிலத்தை வித்தோம் என்பார்கள். நகையை வித்தோம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பழைய ஃபிரிட்ஜைத் தள்ளிவிட்டோம், பீரோவை ஒழித்துக்கட்டினோம் என்பார்கள். கார் மட்டும் கொடுக்கப்படுகிறது. அடுத்து வருவதையும் வாங்கினோம் என்று சொல்வது அபூர்வம். ‘புது வண்டி எடுத்திருக்கோம்’ என்பதே வழக்கு. துணியும்தான் எடுக்கப்படுகிறது, ஆனால் கொடுத்தலும் எடுத்தலும் இணைபிரியாமல் வரும் இடம் தமிழில் இன்னும் ஒன்றே ஒன்று உண்டு: பெண் கொடுத்துப் பெண் எடுத்தல். குடும்பக் கார் பிரிவியலின் அடித்தளம் இந்த இரண்டு வினைச்சொற்களில் இருக்கிறது. நடுவில் பணம் கைமாறுவதை இரண்டும் சேர்ந்து சாமர்த்தியமாக மறைத்துவிடுகின்றன.

‘கொடு’ சாதாரணச் சொல் அன்று. ஒன்றைக் கேட்டுப் பெறும்போது தாழ்ந்தவர் ‘ஈ’ என்றும், சமமானவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் கேட்பது மரபு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்துவைத்திருக்கிறது. கார் பார்க்க வந்தவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, ‘அறுபத்தஞ்சுக்குக் குடுங்க சார்’ என்கிறார். அந்தச் ‘சார்’ வெறும் ஒப்புக்கு. யார் உயர்ந்தோன் என்பதை வினைச்சொல் சொல்லிவிடுகிறது. ஒரு வாரம் கழித்து அதே வினையை எடுத்து, ‘குடுத்துட்டோம்’ என்று தெருவில் சொல்லும்போது விற்றவர் தம் இடத்தை மீட்டுக்கொள்கிறார். கொடுத்த கைதானே மேலே இருக்கும்?

ஆய்வுப் பொருள்

எல்லாக் கார்களும் இவ்வாறு கொடுக்கப்படுவதில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றலான அம்பாசிடர், வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை உருவாகிவந்தது. தமிழ்நாட்டில் அதன் வாழிடங்கள் கலெக்டர் ஆபீஸ், டாக்ஸி ஸ்டாண்ட், மில் முதலாளியின் போர்ட்டிகோ. முதலாவது ஏலம் விடப்படும், இரண்டாவது உருக்குலையும்வரை ஓடும், மூன்றாவது போர்ட்டிகோவிலேயே சமாதியாகும். ஃபியட் 1100 குலத்தில் பிறந்த பிரீமியர் பத்மினியில் கியர் ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார், அவர் போனால் வண்டியும் போயிற்று. பிரிவியலுக்கு ஒரு குடும்பம் முழுவதும் வேண்டும். அந்த வசதியை ஏற்படுத்தியது மாருதி 800.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுத்தார். (கொடுத்தார் என்பதைக் கவனிக்க.) 2014 ஜனவரி 18 அன்று உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 3.3 மீட்டர் நீளம், ஏறக்குறைய 650 கிலோ எடை. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குள் ஒரு அப்பா, ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி, பாட்டியின் தூக்குவாளி ஆகிய அனைத்தும் அடங்கி வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய வரலாறு வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. இரண்டாவது கியரில் ஏறியது, ஏ.சி.யைப் போட்டால் மட்டும் கோபித்துக்கொண்டது.

2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 மாசு விதி 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை உட்பட அந்நகரங்களில் 800இன் விற்பனை நின்றுபோனது. ஆகவே சென்னையில் புதிதாக எடுத்த எந்த 800க்கும் இன்று 15 வயது நிறைந்திருக்கும். தனியார் காரின் ஆர்.சி. செல்லுபடியாகும் காலமும் 15 ஆண்டுகளே. அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப்போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பிரிவியல் இன்று செழித்திருப்பதற்கு இந்தத் தொகைகளும் ஒரு காரணம்.

திணை மயக்கம்

இலக்கணப்படி கார் அஃறிணை. வீட்டுப் பேச்சில் அது அப்படி இருப்பதில்லை. ‘இவன் காலைல கொஞ்சம் மக்கர் பண்ணுவான்’, ‘பையனைக் கழுவி நிறுத்தியாச்சா?’ என்றெல்லாம் சொல்வதைப் பிழை என்று தள்ள முடியாது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறிவந்தால் ஏற்கலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. பசு மாட்டைத் தாயென்று அழைப்பதை உரையாசிரியர்கள் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். காரைப் பொறுத்தவரை இந்த ஐந்து காரணங்களும் ஒரே காலைப் பொழுதில் வந்துபோகக்கூடும். முதல் திருகலில் கிளம்பினால் ‘என் ராசா’. பிள்ளையின் பிளஸ் டூ பரீட்சை நாளன்று கிளம்பாவிட்டால் இங்கே அச்சிட இயலாத வேறு உயர்திணைச் சொல்.

பால் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஓடும் காலமெல்லாம் கார் பெரும்பாலும் ஆண்பால். கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்த கணத்தில் பெண்பாலாகிவிடுகிறது. ‘நல்ல இடமாப் பாத்துக் குடுக்கணும்’ என்ற வாக்கியம் ‘பையனை’ வைத்துச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

அறிகுறிகள்

தலைவன் பிரிவதற்கான காரணங்களை அகப்பொருள் இலக்கணம் ஓதல், காவல், தூது, பொருள், பரத்தை எனப் பலவாக வகைப்படுத்தும். காரை விட்டுப் பிரிவோர் தம் காரணமாகக் கூறுவது எப்போதும் பொருள்: ‘மெயின்டனன்ஸ் கட்டுப்படியாகல.’ தரவுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்கப் போனவர் வழியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஷோரூமுக்குள் ‘சும்மா பாக்க’ நுழைகிறார். ஏ.சி. காற்றும், பன்னீர் வாசமும், யாரும் கேட்காமலே வரும் குளிர்பானமும், புது சீட்டின் மணமும் தலைக்கேறுகின்றன. ‘டெஸ்ட் டிரைவ்’ என்று அதற்கு இன்று பெயர். அகப்பொருள் வேறு பெயர் வைத்திருந்தது. மறுநாள் காலை வாசலில் நிற்கும் பழைய கார் கிளம்ப மறுக்கும். பேட்டரி என்பார் மெக்கானிக். இலக்கணம் படித்தவர்களுக்கு அது ஊடல்.

அடுத்து அலர். வீட்டுக்குள் இன்னும் முடிவாகாத செய்தி, தெருவில் முடிந்த செய்தியாக உலவத் தொடங்கும். இஸ்திரி வண்டிக்காரர் கேட்பார்: ‘வண்டியக் குடுக்கப் போறீங்களாமே?’ அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் தம் மச்சானுக்கு வேண்டும் என்பார். இவர்களுக்குச் சொன்னது யார் என்று வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஷோரூமிலிருந்து நாளுக்கு நான்குமுறை வரும் போன் அழைப்புகளே அலரைப் பரப்பியவை என்று கருத இடமுண்டு.

இறுதித் தீர்ப்பு மெக்கானிக்கினுடையது. குடும்பக் காரின் மெக்கானிக், குடும்ப வைத்தியரின் மரபில் வந்தவர். ஸ்பானரைத் தொடுமுன் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். பத்தாண்டுகளாக அவர் சொல்லிவந்தது ஒரே வாக்கியம்: ‘இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும் சார்.’ ஒருநாள் பானெட்டை மூடி, கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி, கண்ணைப் பார்க்காமல், ‘பாத்துக்குங்க சார்’ என்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க’ என்று சொல்லும்போது வரும் அதே குரல். இதற்குமேல் எந்தச் சான்றும் கோரப்படுவதில்லை.

வரன்

காருக்கு வரன் தேடும் புரோக்கரின் மொழி ஒரு தனி அகராதிக்குரியது. ‘சிங்கிள் ஓனர்’ என்பது கற்பு. ‘கம்பெனி சர்வீஸ்’ என்பது வளர்ப்பு. ‘ஒரு ரூபா வேலை இல்ல’ என்றால் தொகை அதைவிடச் சற்றுப் பெரியது என்று பொருள். இவற்றுள் விளக்கம் வேண்டி நிற்பது ‘டாக்டர் வண்டி’. டாக்டர்கள் மெதுவாக ஓட்டுவார்கள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமே போவார்கள், நேரத்துக்கு ஆயில் மாற்றுவார்கள் என்பன இதன் உட்கிடைகள். தமிழ்நாட்டில் டாக்டர் வண்டி என்ற பெயரில் கைமாறிய கார்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு டாக்டரும் மாதத்துக்கு ஒரு கார் மாற்றியிருக்க வேண்டும். அப்படி மாற்றுகிறவர் மெதுவாக ஓட்டுகிறவராக இருக்க முடியாது என்ற முரண்பாட்டை புரோக்கர்கள் இதுவரை தீர்த்துவைக்கவில்லை.

பார்க்க வருபவர் தனியாக வருவதில்லை. ‘வண்டியப் பத்தித் தெரிஞ்சவர்’ ஒருவரைக் கூட்டிவருவார். பெண் பார்க்கும் படலத்தில் மௌனமாக உட்கார்ந்து பஜ்ஜியை மட்டும் கவனிக்கும் தாய்மாமாவுக்கு நிகரானவர் இவர். முதலில் காரை ஒருமுறை வலம் வருவார். டயரைக் காலால் எத்துவார். இதனால் என்ன தெரியவரும் என்பது எந்த நூலிலும் இல்லை. பெயின்டின் மேல் காந்தத்தை நகர்த்தி, அது நழுவும் இடத்தில் நின்று, ‘இங்க பாட்டி போட்டிருக்கு’ என்று அறிவிப்பார். வீட்டுப் பாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று குனிவார். சைலன்சர் வாயில் விரல்விட்டுக் கரியை உரசிப் பார்ப்பார். கடைசியாக மீட்டரைப் பார்த்து ஒரு சிரிப்பு. மீட்டர் திருப்பப்பட்டது என்று நேரடியாகச் சொல்வது பண்பாடு ஆகாது. அந்தச் சிரிப்பே போதும்.

விலை இரண்டு கணக்குகளின் மோதல். இன்சூரன்ஸ் அட்டவணைப்படி கார் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் மதிப்பிழக்கும். ஓராண்டுக்குள் 15, இரண்டில் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. ஐந்தாண்டுக்குமேல் அட்டவணை பேசாது. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியது என்று ஒதுங்கிவிடுகிறது. அது விட்ட இடத்தில் வீட்டுக் கணக்கு தொடங்குகிறது. போன தீபாவளிக்கு நாலு டயர். சித்திரையில் கிளட்ச் பிளேட். சீட் கவர் ‘ஒரிஜினல் ரெக்சின்’. இவ்வளவும் கூட்டிய பிறகு, மூத்தவள் பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் கூட்டிவந்தோம் என்ற வரி வரும். அதற்கு நேராக எந்தத் தொகையும் எழுதப்படுவதில்லை, ஆனால் கூட்டுத்தொகையில் அது இருக்கிறது. வாங்க வந்தவர் இந்த வரியைக் கேட்டதும் கைக்குழந்தையோடு வந்திருக்கும் தம் மனைவியைப் பார்த்தால் ஐந்தாயிரம் குறையும். செல்போனைப் பார்த்தால் பேச்சு அன்றே முறியும்.

பணம் அதிகம் கொடுக்க முன்வந்தும் நிராகரிக்கப்படும் வரன் ஒன்று உண்டு: டிரைவிங் ஸ்கூல். 800களின் முதுமைக்காலத்தை ஏற்றுக்கொண்ட பெரிய புகலிடம் அதுவே. மேற்கூரையில் மஞ்சள் பலகை, பக்கத்துச் சீட்டுக்கும் ஒரு பிரேக், நாளுக்குப் பத்துப் பேர் கிளட்சில் காலைவைத்துப் பழகுவது. ‘நம்ம வண்டி ஸ்டாப்பிங்ல திணறித் திணறி நிக்கிறத நாமளே பாக்கணுமா?’ என்று அம்மா கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு இடத்தின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கும் மரபில் வந்த காயலான் கடைதான் அது. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் புரியும். அங்கே போன கார் கதவாக, கண்ணாடியாக, ரேடியேட்டராகப் பிரிந்து வேறு கார்களுக்குள் புகுந்து வாழ்கிறது என்பது உடலுறுப்பு தானத்துக்கு ஒப்பான மேன்மை. ஆயினும் குடும்பங்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 2021க்குப் பிறகு பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்கள் என்ற அரசு ஏற்பாடும் வந்திருக்கிறது. காரை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி எடுக்கும் புதிய தனியார் காருக்கு வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்கிறது மத்திய விதி. 650 கிலோ எடையைத் தராசில் ஏற்றி விலைபேசும் இந்த முறைக்குக் கொடுத்தல் என்ற வினை பொருந்தாது. ‘கழிச்சுட்டாங்களாம்’ என்பார்கள், அதுவும் பக்கத்து வீட்டுக் காரைப் பற்றி.

ஓலை

முடிவானதும் கையெழுத்து. உரிமையாளர் காரைக் கொடுத்ததை அறிவிக்கும் 29ஆம் படிவம் இரண்டு பிரதி, பெயர் மாற்றக் கோரும் 30ஆம் படிவம், கடன் இருந்து அடைத்திருந்தால் 35, வேறு எல்லைக்குப் போவதானால் தடையில்லாச் சான்றுக்கு 28. ‘தேதி போடாம கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்தத நாங்க பாத்துக்கறோம்’ என்ற வாக்கியம் இந்தக் கட்டத்தில் சொல்லப்படும். மோட்டார் வாகனச் சட்டம் பதினான்கு நாளுக்குள் கொடுத்தவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் என்னவாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. ஒருவர் கொடுத்த கார் பல கை மாறிய பின் விபத்துக்குள்ளானது, ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றது தீர்ப்பு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் கிடப்பதைப் போன்றது அன்று இது.

பொறுப்பு இப்படி விடாமல் தொடரும்போது, புண்ணியமும் தொடராமல் இருப்பது நியாயமில்லை அல்லவா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆண்டு முழுவதும் இன்சூரன்சில் இழப்பீடு கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு: முதல் ஆண்டு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு 50. இந்த நோ கிளெய்ம் போனஸ் காருக்குரியது அன்று, ஆளுக்குரியது. கார் போனாலும் இது போவதில்லை. கம்பெனியிடம் கடிதம் வாங்கிவைத்துக்கொண்டால் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். வினை உடலைப் பற்றாது, உயிரைப் பற்றிக்கொண்டு அடுத்த உடலுக்குப் போகும் என்று சைவ சித்தாந்திகள் சொன்னதை இந்திய இன்சூரன்ஸ் துறை வேறு வழியில் கண்டடைந்திருக்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே மூன்று ஆண்டுக்குள் மறுபிறவி எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு சின்ன பம்பர் இடிக்கு இழப்பீடு கேட்டாலும் ஐந்தாண்டுத் தவம் பூஜ்யமாகிவிடும். இதுவும் புராணங்களில் முனிவர்களுக்கு நடந்ததே.

அகழாய்வு

கொடுப்பதற்கு முந்தைய மாலையில் காரைக் காலி செய்கிறார்கள். கீழடியில் போலவே இங்கும் மேலடுக்கிலிருந்து கீழே போக வேண்டும், கிடைப்பதை வைத்துக் காலத்தைக் கணிக்க வேண்டும். கிளவ் பாக்ஸின் மேல்மட்டத்தில் முகக்கவசமும் பாதி காய்ந்த சானிடைசரும் இருந்தால் அது 2020–21 அடுக்கு. டோல் கேட்டின் காகித ரசீதுகள் அதை ஒட்டி முடிந்துபோகும். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமானதால் அதற்குப் பிறகான மண்ணில் ரசீது மிக அரிது. சன் வைசரின் மடிப்பில், ‘அவசரத்துக்கு’ என்று செருகி மறந்த பழைய ஐநூறு ரூபாய்த் தாள் கிடைப்பதுண்டு. 2016 நவம்பர் 8 இரவோடு அந்த அவசரம் காலாவதியானது. அதற்கும் கீழே, சீட் கம்பிக்கும் தரை விரிப்புக்கும் நடுவே, 25 காசு. 2011 ஜூன் 30 முதல் அது செல்லாது. ஆகவே அந்த அடுக்கு அதற்கு முந்தையது.

நாணயம் இல்லாத இடங்களில் மற்றப் பொருட்கள் துணைசெய்யும். பழனி விபூதிப் பொட்டலம். ஒற்றைக் கொலுசின் திருகாணி. இதற்காக 2008இல் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணை அம்மா சந்தேகப்பட்டது இப்போது சபையில் மௌனமாக நினைவுகூரப்படும். மூடி இல்லாத பேனா, பேனா இல்லாத மூடி. உருகி உறைந்து உருகி சீட்டோடு ஒன்றிப்போன சாக்லெட். திருப்பதி லட்டுப் பை, அதற்குள் வாந்தி வந்தால் பிடிப்பதற்காக இன்னொரு பை. இளையராஜா பாட்டுகள் பதிந்த கேசட், நாடா வெளியே வந்து சுருண்ட நிலையில். கேசட்டைப் பார்த்ததும் குடும்பத் தலைவர் அகழாய்வை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

சாமி யாருக்கு என்பது அறிஞர்களுக்கிடையே தீராத விவாதம். டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரைக் காரோடு அனுப்பலாகாது என்பது ஒரு கட்சி. பிடுங்கினால் காருக்குத் துணை யார் என்பது இன்னொரு கட்சி. ஆஞ்சநேயர் இருந்தால் சிக்கல் கூடும். மாருதி என்பதே காற்றின் மகனான அவருடைய பெயர்தான் என்பதால், டாஷ்போர்டில் இருப்பவரை எடுத்தாலும் பின்பக்க எழுத்தில் இருப்பவர் கூடவே போகிறார். நடைமுறையில் சாமி எடுக்கப்படுகிறது; அடியில் வட்டமாகப் பசை மட்டும் மிஞ்சுகிறது.

சீர்வரிசையாக ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி. ஸ்டெப்னி தமிழ்ச் சொல் என்று நம்புவோர் உண்டு. அது வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கே உருவான மாற்றுச் சக்கரம் அந்தப் பெயரில் உலகமெங்கும் விற்கப்பட்டது. இன்று இங்கே எந்தப் பஞ்சர் கடையிலும் அந்தத் தெரு வாழ்கிறது.

சாவியைக் கொடுக்கும்போது அறிவுரைகள் தொடங்கும். ‘ரெண்டாவது கியரக் கொஞ்சம் தூக்கிப் போடணும்.’ ‘இடது பின்கதவு உள்ள இருந்துதான் திறக்கும், வெளிய இருந்து இழுக்காதீங்க.’ ‘மழைல ஹாரன் தானா அடிக்கும், பயப்படாதீங்க, ஒரு தட்டுத் தட்டினா நின்னுரும்.’ விலைபேசும்போது சொல்லாமல் மறைத்தவை அனைத்தும் இப்போது அக்கறையாக வெளிவருகின்றன. வாங்கியவர் தலையாட்டுவார். அம்மா சமையலறையில் ஏதோ தாளித்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் தாளிக்க வேண்டியது எதுவும் இல்லாவிட்டாலும்.

எடுத்தல்

புதிய காரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதற்கு இன்னும் வரலாறு கிடையாது. விலை மட்டுமே உண்டு. ஷோரூம் விலை என்பது விளம்பரத்துக்கு, ஆன்-ரோடு விலை என்பது ரத்த அழுத்தத்துக்கு. 2023 நவம்பரில் உயர்ந்த தமிழ்நாட்டு ஆயுள் வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து வரை 13, இருபது வரை 18, அதற்குமேல் 20. 2018 செப்டம்பரிலிருந்து மூன்றாம் தரப்பு இன்சூரன்சை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். இவற்றோடு மேட், மட் ஃபிளாப், ‘அண்டர் கோட்டிங்’ என்று அடையாளம் தெரியாத உறவினர்கள் பலர் பில்லில் வந்து உட்காருவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பெட்ரோல் கார் என்றால் 1,200 சிசிக்குள், நீளம் நான்கு மீட்டருக்குள். பின்பக்கத்தை யாரோ அரிவாளால் வெட்டினாற்போலப் பல கார்கள் இந்நாட்டில் முடிவதற்குக் காரணம் கலைஞன் இல்லை, வரி அதிகாரி.

டெலிவரி நாளைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியில் ஷோரூம் தள்ளுபடி தருகிறது, குடும்பம் தருவதில்லை. ஆயுத பூஜையன்று வரிசை கட்டும். ராகு காலம் முடியும்வரை சாவியும் கையுமாகக் கண்ணாடிக் கதவுக்குள் காத்திருந்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி, சென்னைக்காரர்கள் நேராகப் பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போவார்கள். பூசணிக்காய் உடைபடும். சந்தனம் பானெட்டின் மேல் அப்பப்படும். அது கழுவும்போது பெயின்டில் படும் கீறலைப் பற்றிய கவலை மறுநாள் காலைக்குரியது.

புதிய கார் பேசுகிறது. பெல்ட் போடவில்லை, கதவு மூடவில்லை, பின்னால் சுவர் இருக்கிறது, டயரில் காற்று குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். பழைய காரில் இவை அனைத்தையும் பாட்டி சொல்லிவந்தார், கூடுதல் விவரங்களோடு. சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஆறு மாதம் யாரும் கழற்றுவதில்லை. இந்தக் காலம் முழுவதும் அது ‘அது’தான், ‘வண்டி’ என்றுகூடச் சொல்லாமல் கம்பெனி வைத்த பெயரைச் சொல்வார்கள். காய்கறிச் சந்தையில் ஒரு டி.வி.எஸ். 50 உரசிவிட்டுப் போன பிறகுதான் திணை மாறுகிறது. முதல் கீறலைக் கட்டைவிரலால் தடவியபடி குடும்பத் தலைவர், ‘பாவம், இவனை இடிச்சுட்டான்’ என்கிறார்.

கொடுத்த பின்

பழைய காரின் ஃபாஸ்டேக்கைக் கொடுத்த அன்றே மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் போகும் வழிக்கெல்லாம் பழையவர் கணக்கில் பணம் கழியும். படித்தவர்களும் இதைச் செய்வதில்லை. கண்ணாடியில் ஒட்டியது அப்படியே போய்விடுகிறது. மூன்றாம் நாள் காலை செல்போன் சிணுங்கும்: பரனூரில் இவ்வளவு கழிந்தது. அடுத்து ஆத்தூர். வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றிக் கூடுவார்கள். விக்கிரவாண்டி. ‘நல்லா ஓடுது போலிருக்கே.’ செங்குறிச்சி, திருமாந்துறை. இடைவெளியைக் கணக்கிட்டு மகன் சொல்வான், ‘அறுபதுலதான் போறாங்கப்பா.’ சமயபுரம் வந்ததும் அம்மா, ‘கோயிலுக்குப் போயிருப்பாங்க’ என்பார். சாயங்காலம் அதே ஊர்கள் தலைகீழ் வரிசையில் திரும்பி வரும்.

வங்கியின் உதவி எண்ணை அழைத்து டேக்கை மூடச் சொல்வது இதற்குப் பிறகும் இரண்டு வாரமாவது தள்ளிப்போகும். மீதித் தொகை தீர்ந்தபோது, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் குடும்பத் தலைவர் ஒருமுறை இருநூறு ரூபாய் ரீசார்ஜ் செய்ததும் உண்டு. பிறகு ஒரு நாள் அழைப்பு போகும், கோரிக்கை எண் வரும், முன்பணம் கணக்கில் திரும்பச் சேர்ந்ததாகக் கடைசிக் குறுஞ்செய்தி வரும். கொடுத்தல் அத்துடன் நிறைவுறுகிறது.